எட்டாம் பங்காளியின் விலை

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்த தலவில, புனித அன்னம்மாள் ஆலயத்தினால் நாடறிந்த ஊர். மார்ச்சிலும் ஓகஸ்ற்றிலும் நிகழும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவருமாய்ப் பல்லாயிரவர் அங்கு கூடுவர். கூட்டம் கலைந்த பின்னர் கரை மீண்டும் கடற்றொழிலாளருடையதாகின்றது. ஒக்ரோபர் தொடக்கம் ஏப்பிரல் வரை, மேல்கடல் அமைதியுற்றிருக்கும் மாதங்களில், இக்கரையோரத்தின் பழந்தொழில் கரைவலை. ஒரு கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலினுட் சென்று, வலையை வளைத்து இறக்கி, மறுகயிற்றுடன் வேறோரிடத்திற் கரைசேரும். பின்னர் இரு கயிறுகளையும் இரு அணியினர் இழுப்பர். வலை வளைப்பதற்கென வகுக்கப்பட்ட இடம் 'பாடு' எனப்படும். ஒரே பாட்டிற்கு வலைகள் பலவாயின் முறைவைத்தே வளைத்தல் வேண்டும்.

இத்தொழிலில் 'பங்கு' என்னும் சொல் ஒருபொருட் சொல்லன்று. பிடிபட்ட மீனில் ஒருவருக்குரிய கூறும் பங்கு; வலையிலும் தோணியிலும் அவர் கொண்டுள்ள உடைமையும் பங்கு; முறைவரும் நாளிற் கயிற்றைப் பிடிக்க அவருக்குள்ள இடமும் அதனுள் அடங்கும். கம்பனிச் சட்டமும் 'பங்கு' என்னும் இதே சொல்லை ஆள்கின்றது. ஆயின் ஆங்கு அச்சொல், எண்ணக்கூடியதும் கைமாற்றக்கூடியதுமான ஓர் உரிமையலகையே குறித்து நிற்கும். ஒரு சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தூரத்திலேதான் ஈண்டு ஆராயப்படும் அறவினா எழுகின்றது.

எண்மர் சமபங்காளராய் ஒரு கரைவலையை வைத்திருக்கின்றனர் எனக் கொள்ளலாம். அவருள் எழுவர், வலையையும் தோணியையும் ஒரு கம்பனியின் உடைமையாக்கி, அக்கம்பனியை அயலிலுள்ள பெரிய கம்பனியொன்றுடன் இணைக்க விரும்புகின்றனர். எட்டாமவர் மறுக்கின்றார். அவர் கூறும் காரணம் அறிவுக்கு ஏற்றதாகவும் இருக்கலாம். வெறும் பிடிவாதமாகவும் இருக்கலாம். இனிச் செய்யத்தக்கது யாது?

இவ்வினாவிற்கு மூன்று விடைகள் கூறப்பட்டுள்ளன. எட்டாமவர் இசையாதவரை எதுவும் நிகழலாகாது என்பது முதலாவது. எழுவரின் தீர்மானம் எட்டாமவரையும் கட்டுப்படுத்தும், அவர் புதிய கம்பனியின் பங்கை ஏற்றுக்கொண்டு அமைதல் வேண்டும் என்பது இரண்டாவது. எழுவர் தம் வழியே செல்லலாம். ஆயின் எட்டாமவரைத் தம்முடன் இழுத்துச் செல்லுதல் ஆகாது. அவரது பங்கிற்கு நியாயமான விலையைக் கொடுத்து அவரை விடுவித்தல் வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றாம் விடையே இக்காலக் கம்பனிச் சட்டங்கள் பலவற்றில் மதிப்பீட்டுரிமை என வழங்குவது. மாறுபட்ட பங்காளர் தம் பங்கினை மதிப்பிடுவித்து, அம்மதிப்பைப் பணமாகப் பெற்று வெளியேறும் உரிமை அது.

முதலாம் விடை பழையது. இன்றும் முற்றாக வழக்கொழியாதது. இலங்கையில் வழங்கும் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டத்தின்படி, கூட்டாளர் வேறுவகையாக உடன்பட்டிருந்தாலன்றி, ஒரு கூட்டுத்தொழிலின் தன்மையை மாற்றுவதற்குக் கூட்டாளர் அனைவரின் சம்மதமும் வேண்டும். புதியவர் ஒருவரைச் சேர்ப்பதற்கும் அவ்வாறே. கூட்டாளர் ஒருவரையொருவர் அறிந்து நம்பிச் சேர்ந்தவர்கள் என்னும் எண்ணமே இவ்விதியின் அடி. எண்மரும் கம்பனியாகாது கூட்டாளராகவே இருந்திருப்பின், எட்டாமவரின் 'இல்லை' என்னும் ஒரு சொல்லே போதுமானதாய் இருந்திருக்கும்.

இருப்புப்பாதைகளின் காலம் இவ்வெண்ணத்தை நெருக்கடிக்குள்ளாக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவிலே, சிறு சிறு பாதைக் கம்பனிகள் ஒன்றிணைந்து நெடும்பாதைகளாக விழைந்தன. பங்குதாரர் நூற்றுக்கணக்கினர், ஒருவர் மறுப்பினும் இணைப்புத் தடைப்படும். 1858இல் பென்சில்வேனிய மாநில உயர்நீதிமன்றின் முன் வந்த லோமன் வழக்கு இந்நிலைமாற்றத்தின் நடுவே நிற்பது. லெபனன் வலி இருப்புப்பாதைக் கம்பனியைப் பெரியதொரு பாதைக் கம்பனியுடன் இணைக்கச் சட்டமன்று அனுமதி அளித்திருந்தது, பெரும்பான்மையினரும் இசைந்திருந்தனர். பங்குதாரர் ஒருவர் இசையவில்லை. தாம் சேராத ஒரு கம்பனியின் அங்கத்தவராக அவரை ஆக்குதல் இயலாது என்றது மன்று. ஆயினும் இணைப்பை என்றென்றைக்குமாகத் தடுத்துவிடவுமில்லை. அவரது பங்கின் பெறுமதிக்குப் பிணை வழங்கப்படும்வரையே இணைப்பு நிறுத்திவைக்கப்பட்டது. தடுக்கும் உரிமையாக இருந்தது விலைகேட்கும் உரிமையாக மாறிய கணத்தை இத்தீர்ப்பிற் காணலாம். பின்னர் அமெரிக்க மாநிலங்கள் இதனைச் சட்டவிதியாகவே இயற்றின.

1972இல் கலபிரேசி, மெலமட் என்னும் அறிஞர் இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இவ்வேறுபாட்டிற்குப் பெயரிட்டுத் தந்தது. உடையவர் இசைந்தாலன்றி ஒரு பொருளை எவரும் பெறவியலாது எனின், அப்பொருள் உடைமை விதியினாற் காக்கப்படுகின்றது. உடையவர் இசையாவிடினும், பிறரொருவர் நிர்ணயிக்கும் விலையைச் செலுத்திப் பெறலாம் எனின், அது பொறுப்பு விதியினாற் காக்கப்படுகின்றது. எட்டாமவரை முதலாம் வேலியிலிருந்து இரண்டாம் வேலிக்கு மாற்றியமையே மதிப்பீட்டுரிமையின் வரலாறு. சிறுபான்மையோருக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு என அது பாராட்டப்படுவதுண்டு. அப்பாராட்டில் உண்மை உண்டு. எனினும், பெரியதொன்றைப் பறித்துக்கொண்டு ஈடாக அளிக்கப்பட்ட பாதுகாப்பு அது என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

இலங்கையிலே 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், 1982ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக வந்தபோது, இவ்வுரிமையைத் தெளிவாகப் பொறித்தது. ஒன்றிணைப்பு, கம்பனியின் சொத்தினைப் பெருமளவிற் பாதிக்கும் கொடுக்கல் வாங்கல் போன்றவற்றிற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்குகள் வேண்டும். அத்தீர்மானத்திற்கு எதிராகத் தம் வாக்குகள் முழுவதையும் அளித்த பங்குதாரர், குறித்த நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து, தம் பங்கை வாங்கிக்கொள்ளுமாறு கம்பனியைக் கேட்கலாம். விலை நியாயமானதாயிருத்தல் வேண்டும். எண்மருள் எழுவர் என்பது எழுபத்தைந்தினும் மிகையாகையால், எட்டாமவருக்கு எஞ்சுவது இவ்விலையொன்றே. எனவே, 'நியாயமான விலை' என்னும் தொடரின் பொருளிலேயே அவருக்குரிய நீதி முழுவதும் தங்கியுள்ளது.

அப்பொருள் யாது? சட்டங்கள் பொதுவாக ஒரு கற்பனை மனிதரைத் துணைக்கழைக்கின்றன. இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அரசு ஒரு காணியை எடுக்கும்போது, விரும்பி விற்கும் ஒருவர் திறந்த சந்தையில் அதனைத் தனிப்பொருளாக விற்பாராயின் எத்தொகை கிடைக்குமோ அத்தொகையே சந்தைப் பெறுமதி என்கின்றது அச்சட்டம். இதிலுள்ள முரண் வெளிப்படையானது. விரும்பி விற்பவராயின் அவருக்கு இச்சட்டமே வேண்டியதில்லை. விரும்பாதவருக்கென இயற்றப்பட்ட சட்டம், அவரை விரும்பியவராகக் கற்பித்து, அக்கற்பனையாளர் ஏற்கும் தொகையை இவர் கையில் வைக்கின்றது. அறவியல் நோக்கில் இது சிறிய குறையன்று. ஒருவரது மறுப்பே அவரது உரிமையின் தோற்றுவாயாக இருக்க, அவ்வுரிமையை அளக்கும்போது அம்மறுப்பு நீக்கப்பட்டுவிடுகின்றது.

இக்கற்பனை எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை ஷோட் சகோதரர் வழக்குக் காட்டும். விமானங்களைக் கட்டிய அக்கம்பனியின் பங்குகள் அனைத்தையும் போர்க்கால ஒழுங்குவிதியொன்றின் கீழ்ப் பிரித்தானிய அரசு 1943இல் எடுத்துக்கொண்டது. பங்குகள் அனைத்தும் ஒருசேர எடுக்கப்பட்டமையால், கம்பனி முழுவதையும் மதிப்பிட்டு, அம்மதிப்பைப் பங்குகளுக்குப் பிரித்தளித்தல் வேண்டும் எனப் பங்குதாரர் வாதிட்டனர். 1948இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை ஏற்கவில்லை. கம்பனியின் சொத்துப் பங்குதாரருடையதன்று. ஒவ்வொருவரிடமிருந்தும் எடுக்கப்பட்டது அவரவர் பங்கே. ஆகவே அச்சிறு தொகுதியை ஒருவர் விரும்பி விற்க, மற்றவர் விரும்பி வாங்கினால் என்ன விலையோ அதுவே உரியது என்றது சபை. தருக்கத்தில் வழுவில்லை. ஆயின் பங்குதாரர் ஒவ்வொருவரும் சிறுதொகுதியின் விலையைப் பெற, அரசு முழுக் கம்பனியையும் பெற்றது. பகுதிகளின் விலைகளுடைய கூட்டுத்தொகைக்கும் முழுமையின் பெறுமதிக்கும் இடையிலுள்ள மிச்சம் எவருடையது என்னும் வினாவிற்குத் தீர்ப்பில் விடையில்லை. எடுப்பவரிடமே அது சேர்ந்தது.

டெலவேயர் மாநில உயர்நீதிமன்று 1989இல், ஹானட் என்பார் தொடர்பான வழக்கில், நேரெதிர்த் திசையிற் சென்றது. சிறு கம்பனியொன்றிற் சிறுபங்கு உடையவர் அவர். சிறுபான்மைப் பங்கினால் ஆட்சியதிகாரம் இல்லையாகையால், சந்தையில் அதன் விலை குறைவு என்பது உண்மையே. எனினும் மதிப்பீட்டின்போது அக்கழிவைச் செய்யலாகாது என்றது மன்று. இயங்கிக்கொண்டிருக்கும் தொழில் முழுவதையும் மதிப்பிட்டு, அதில் அவருக்குரிய விகிதத்தை அளித்தல் வேண்டும். கழிவு செய்தால் அக்கழிவு பெரும்பான்மையினருக்கு எதிர்பாரா ஆதாயமாக முடியும் என்பது கருத்து. இத்தீர்ப்பே அறத்திற்கு அண்மையது. வெளியே தள்ளியவரே, வெளியே தள்ளப்பட்டவரின் வலிமையின்மையைக் காரணங்காட்டி விலையைக் குறைத்தல், ஒருவரது கையைக் கட்டிவிட்டு அவர் கைகொடுக்கவில்லை எனக் குறைகூறுவதை ஒக்கும்.

எனினும் இதுவும் முழுநீதி ஆகுமா? இவ்விடத்தில் இடைக்காலச் சிந்தனையாளர் ஒருவரிடம் செல்வது பயனுடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தோமஸ் அக்குவைனாஸ் தமது இறையியற் பெருநூலில், ஒரு பொருளை அதன் பெறுமதிக்கு மேல் விற்றல் தகுமோ என வினவுகின்றார். பொதுவாகத் தகாது என்பது விடை. ஆயின் இரு நிலைகளை அவர் வேறுபிரிக்கின்றார். பொருளை இழப்பதனால் விற்பவருக்குத் தனிப்பட்ட இழப்பு ஏற்படுமாயின், அவ்விழப்பை விலையிற் சேர்க்கலாம். பொருளின் பெறுமதி மட்டுமன்றி, அது அவருக்கு எப்பெறுமதியதோ அதுவும் கணக்கிற்கு உரியது. மாறாக, வாங்குபவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் உண்டு என்பதற்காக மட்டும் விலையை உயர்த்தலாகாது. அவ்வாதாயம் விற்பவருடையதன்று, தமதல்லாததை அவர் விற்கவியலாது. பிறர் பொருளையும் தம்பொருள்போலப் பேணுதலே வாணிகம் என நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் கருதுவதும் இத்தகையதோர் இருபக்க நோக்கையே எனலாம்.

மதிப்பீட்டுரிமைச் சட்டங்களை இவ்வளவுகோலால் அளந்தால் வியப்பான ஒன்று தெரியவரும். அக்குவைனாஸ் கூறியவற்றுள் இரண்டாவதைச் சட்டம் செவ்வனே கைக்கொண்டுள்ளது. இணைப்பினாலோ இணைப்பின் எதிர்பார்ப்பினாலோ தோன்றும் பெறுமதியை மதிப்பீட்டிற் சேர்க்கலாகாது என டெலவேயர்ச் சட்டம் வெளிப்படையாகவே விதிக்கின்றது. இணைப்பை எதிர்த்தவர் இணைப்பின் கனியைக் கேட்கலாகாது என்பது நியாயமே. ஆயின் முதலாவதைச் சட்டம் கைவிட்டுவிட்டது. எட்டாமவருக்கு நேரும் தனிப்பட்ட இழப்பு கணக்கில் ஏறுவதில்லை. வாங்குபவரைக் காக்கும் பாதி சட்டமாயிற்று. விற்பவரைக் காக்கும் பாதி அறவுரையாகவே நின்றுவிட்டது. காணி எடுத்தற் சட்டமாவது, தொழிலிடம் மாறுவதால் நேரும் செலவு போன்றவற்றைச் சந்தைப் பெறுமதியுடன் சேர்த்துக் கொடுக்க இடமளிக்கின்றது. கம்பனிச் சட்டத்தில் அதுவும் இல்லை.

இதற்குக் கூறப்படும் மறுப்பு வலுவானது. தனிப்பட்ட இழப்பை எவ்வாறு அளப்பது? அளக்க முற்பட்டால் ஒவ்வொருவரும் தம் பங்கு தமக்கு உயிரினும் இனியது என்பர். எழுவரின் நல்வாழ்வு எட்டாமவரின் பிடிவாதத்திற்குப் பணயமாகும். இதனைப் புறக்கணித்தல் இயலாது. ஒருவரின் மறுப்பு மற்றெல்லாரின் உழைப்பையும் விலைபேசும் கருவியாவதும் அநீதியே. எனினும், மிகைப்படுத்தும் ஆசை சிறுபான்மையோருக்கு மட்டும் உரியது எனக் கொள்ளுதல் தவறு. இங்கிலாந்திலே 1960இல் தீர்க்கப்பட்ட பியூகிள் அச்சகக் கம்பனி வழக்கில், மூவர் பங்குதாரர். இருவரிடம் 4,500 பங்குகள் வீதம், மூன்றாமவரிடம் 1,000. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குகளைப் பெற்ற கம்பனி எஞ்சியவற்றையும் கட்டாயமாக வாங்கலாம் என்னும் விதியைப் பயன்படுத்த, அவ்விருவரும் புதியதொரு கம்பனியை உருவாக்கித் தம் பங்குகளைத் தாமே அதற்கு விற்று, மூன்றாமவரை வெளியேற்ற முனைந்தனர். புதிய கம்பனி என்பது அவ்விருவரே என்பதைக் கண்ட மன்று அதற்கு இடங்கொடுக்கவில்லை. இந்தியாவிலே கட்பரிக் கம்பனியின் சிறுபங்காளருக்கு 2009ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்ட விலை பங்கொன்றிற்கு 1,340 ரூபா; மறு மதிப்பீடுகளின் பின்னர் 2014இல் பம்பாய் உயர்நீதிமன்று ஏற்ற விலை 2,014 ரூபா 50 சதம். முதலிற் கூறப்பட்ட விலையை ஏற்காது நின்றவரைப் பேராசைக்காரர் என்பதற்கு முன், இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

விலையைக் கணிப்பதற்கு வேண்டிய செய்திகள் எவரிடம் உள்ளன என்பதும் இதனோடு இயைந்தது. யூ.ஓ.பி. என்னும் அமெரிக்கக் கம்பனியின் பாதிக்குச் சற்றுக் கூடிய பங்கை உடைய சிக்னல் கம்பனி, எஞ்சிய பங்குகளை 1978இல் 21 டொலர் வீதம் பெற்று அதனைத் தன்னுடன் இணைத்தது. 24 டொலர் வரை கொடுத்து வாங்கினாலும் இலாபமே என, இரு கம்பனிகளிலும் பணிப்பாளராயிருந்த இருவர் முன்னரே ஆய்ந்து எழுதியிருந்தனர். அவ்வாய்வு சிக்னலுக்குத் தெரியும்; சிறுபங்காளருக்குத் தெரியாது. 1983இல் டெலவேயர் உயர்நீதிமன்று இதனை நேர்மையற்ற நடத்தை எனக் கண்டது. அறியாமையில் உள்ளவரின் இசைவும் இசைவன்று. அறியாமையில் அவர் கேட்கும் விலையும் அவரது விலையன்று.

இவையெல்லாம் பெருங்கம்பனிகளின் உலகில் நிகழ்ந்தவை. கரைவலையின் உலகில் இவ்வகை மாற்றம் நிகழ்ந்தபோது மதிப்பீட்டாளர் எவரும் வரவில்லை. தென்னிலங்கையின் மாவெல்ல என்னும் ஊரில் 1970களின் தொடக்கத்தில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர், 1982இல் வெளியிட்ட நூலில் அம்மாற்றத்தை விரித்துரைத்தார். பொதுவளங்கள் பற்றி எலினோர் ஒஸ்ற்றோம் 1990இல் எழுதிய நூலும் இவ்வூரை எடுத்தாள்கின்றது. ஒரு வலையை இயக்க எண்மர் வேண்டும். எண்மரும் எட்டிலொரு பங்குடையோர் என்பதே அங்கு நிலவிய முறை. வீதிகளும் பனிக்கட்டியும் மீனின் விலையை உயர்த்தவே, புதிய வலைகள் செய்யப்பட்டன. பாடு பெருகவில்லை, வலைகள் நூறை அண்மித்தன. முறைவரும் நாட்கள் அருகின. ஒரு வலைக்கு ஆண்டில் ஒருசில நாட்களே எனின், ஒரு பங்கின் பயன் மிகச் சிறிது. கைப்பணம் உள்ளவர்களோ பல வலைகளிற் பங்குகளை வாங்கிச் சேர்த்தனர். அங்கு நிகழ்ந்தது சட்டப்படியான ஒன்றிணைப்பன்று. பங்குகளை விற்றவர் 'விரும்பியே' விற்றனர். ஆயினும் அவர்களது விருப்பத்தை உருவாக்கியது, பிறர் செய்த வலைகளால் தம் முறை தேய்ந்துபோன நிலை. விரும்பி விற்பவர் எனச் சட்டம் கற்பிக்கும் மனிதர் உண்மையாகவே நடமாடும் இடத்திற்கூட, அவ்விருப்பம் எங்கிருந்து வந்தது எனக் கேட்கவேண்டியுள்ளது.

தலவிலவிற்குத் தெற்கே நுரைச்சோலையில் அமைந்த அனல்மின் நிலையமும் இவ்வகையில் நினைவுக்குரியது. 300 மெகாவாற்று வீதம் மூன்று அலகுகள் கொண்ட அந்நிலையத்தின் முதலாம் அலகு 2011இல் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர், புனித அன்னம்மாள் ஆலயத்தின் அயலென்பதும் காரணமாகக் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்தும், வாழ்விடம் பற்றிய அச்சத்தால் ஊரவரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. நாட்டிற்கு மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எட்டாமவரின் மறுப்பிற்காக எழுவர் இருளில் இருத்தல் கூடாது என்பது ஏற்கத்தக்கதே. காணி உறுதி உடையவருக்குப் பெறுமதியும் இழப்பீடும் பற்றிப் பேசச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. கரையிலே தொழில் செய்பவர் கையில் அத்தகைய உறுதி இல்லை. கடலோரம் அரசினது, 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கடற்றொழில் அனுமதிப்பத்திரத்தால் நடைபெறுவது. வலையிற் பங்கேயில்லாது கயிறு மட்டும் இழுப்பவரின் நிலையோ இன்னும் ஒருபடி கீழானது. விலைகேட்கும் உரிமையாயினும் பெறுவதற்கு, முதலில் ஏட்டிற் பதிந்த உடைமையாளராக இருத்தல் வேண்டும்.

இனி எட்டாமவரிடம் மீளலாம். மதிப்பீட்டாளர் ஒருவர் தலவிலவிற்கு வந்து, வலை, கயிறு, தோணி ஆகியவற்றை எண்ணி எழுதுகின்றார். கடந்த சில பருவங்களின் வருவாயைக் கேட்டறிந்து, இயங்கும் தொழிலாகவே மதிப்பிட்டு, சிறுபான்மை என்பதற்காக எதனையும் கழிக்காது, எட்டிலொன்றைச் செவ்வையாகக் கணிக்கின்றார். சட்டம் கேட்பதனை அவர் முழுமையாகச் செய்துவிட்டார். அக்குவைனாஸ் கேட்டிருக்கக்கூடிய மற்றொரு வினா எஞ்சுகின்றது: இப்பங்கு இவரிடமிருந்து போவதால் இவருக்கு மட்டும் இல்லாமற்போவது எது? அது பணத்தால் ஈடுசெய்யக்கூடியதாயின், அதற்கென ஒரு தொகையைத் தனியே சேர்த்தல் இயலாததன்று. காணிச் சட்டம் அதனைச் செய்கின்றது, கம்பனிச் சட்டமும் செய்யலாம். பணத்தால் ஈடுசெய்ய இயலாததாயின், புதிய கம்பனியின்கீழும் அவர் தம் இடத்திலே தொழில் செய்வதற்கான வாக்குறுதியை விலையின் ஒரு கூறாகக் கேட்பதற்கு வழியிருத்தல் வேண்டும். இன்றுள்ள விதி அவருக்குக் காட்டுவது வெளியேறும் வாயிலை மட்டுமே.

ஓகஸ்ற் திருவிழா முடிந்து, ஒக்ரோபரிற் கடல் அடங்கி, முதல் வலை இறங்கும் நாளில் அத்தொகை அவர் கையில் இருக்கும். கயிற்றின் எந்த முனையில் அவர் நிற்பது, நிற்பதா இல்லையா என்பதை அன்று தீர்மானிப்பவர் எழுவரும் அல்லர். அயலிலுள்ள பெரிய கம்பனியின் முகாமையாளர்.